பாங்காக்: வானிலிருந்து இறங்கி ஊருக்குள் செல்லும் பாடம்

கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் செல்லும் நேரமும் பாங்காக்கிற்குச் செல்லும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். எனவேதான் நம் சங்க உறுப்பினர்களில் பலர் விடுமுறைக்குத் தாய்லாந்து சென்று வருகின்றனர். வயதான பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். சென்று வந்தவர்களைக் கேட்டால், கோயில்கள் அழகு, மக்கள் பண்பானவர்கள் என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "பாதி நாள் டாக்ஸியில் உட்கார்ந்தே போயிற்று" என்றும் சொல்வார்கள்.

பாதி நாள் வீணாவது ஊரின் குற்றமன்று. அந்த ஊர் எவ்வாறு அமைந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் செல்வதே காரணம். பாங்காக் அடிப்படையில் நீரின்மீது வளர்ந்த நகரம். சாலைகள் பின்னால் வந்தவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எங்கே தங்குவது, எதில் ஏறுவது, எப்போது கிளம்புவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தானே கிடைத்துவிடும்.

1. ஊர் அமைந்த விதம்

அயோத்தியா என்னும் பழைய தலைநகரம் 1767-இல் பர்மியப் படையால் அழிந்தது. அதன்பின் சாவ் ப்ரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரி சில ஆண்டுகள் தலைநகராக விளங்கியது. 1782-இல் முதலாம் ராமா மன்னர் கிழக்குக் கரையில் இன்றைய பாங்காக்கை நிறுவினார். தாய்லாந்து மக்கள் தங்கள் தலைநகரைப் பாங்காக் என்று அழைப்பதில்லை. குரூங் தேப் என்பதே அவர்கள் வழங்கும் பெயர். தேவர்களின் நகரம் என்பது பொருள்.

கடல் மட்டத்திற்குச் சற்றே உயர்ந்த சேற்று நிலம் அது. அங்கே சாலை போடுவதைவிடக் கால்வாய் வெட்டுவது எளிது. ஆகவே கால்வாய்களே தெருக்களாயின, படகுகளே வண்டிகளாயின. மேலைநாட்டு முறையில் அமைந்த முதற் சாலையாகிய சரோன் குரூங் 1860-களில்தான் வந்தது. பிறகு பல கால்வாய்களைத் தூர்த்துச் சாலையாக்கினர். 1888-இல் தொடங்கிய டிராம் வண்டிகளும் 1968-இல் நின்றுபோயின. கொல்கத்தாவாசிகளாகிய நமக்கு டிராமின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. கால்வாய்களை ஒட்டி, ரிப்பன் போல நீண்டு கிடந்த நெல்வயல்களை அவற்றின் உடைமையாளர்கள் மனைகளாகப் பிரித்து விற்றனர். ஒவ்வொருவரும் தம் நிலத்துக்குள் ஒரு சந்து போட்டுக்கொண்டனர். பக்கத்து நிலத்துச் சந்தோடு அதை இணைக்க யாரும் முனையவில்லை. இந்தச் சந்துக்குச் சோய் என்று பெயர். ஒரு சோய் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளம் சென்று முட்டுச் சுவரில் முடியலாம். அதனுள் வசிக்கும் அத்தனை பேரும் வெளியே வர வேண்டுமானால் ஒரே பெருஞ்சாலைக்குத்தான் வந்தாக வேண்டும். பாங்காக்கின் வாகன நெரிசலுக்கு வண்டிகளின் எண்ணிக்கை மட்டுமன்றி, குறுக்குத் தெருக்கள் இல்லாத இந்த அமைப்பும் காரணம்.

இதிலிருந்து நாம் கற்கும் முதல் விதி: பாங்காக்கில் வரைபடத்துத் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது. மூன்று கிலோமீட்டரைக் கடக்கப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். தங்கும் விடுதி ரயில் நிலையத்திலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ நடந்து செல்லும் தொலைவில் உள்ளதா என்பதே பார்க்க வேண்டியது.

2. இரண்டு விமான நிலையங்கள்

பாங்காக்கில் விமான நிலையங்கள் இரண்டு. நகரின் வடக்கே 24 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது டான் முவாங். 1914-இல் தோன்றிய பழைய நிலையம். கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருப்பது சுவர்ணபூமி. 2006 செப்டம்பர் 28 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. நாகப்பாம்புச் சதுப்பு என்று பெயர் பெற்றிருந்த ஈர நிலத்தை மேடாக்கிக் கட்டியது. 2012 அக்டோபர் முதல் குறைந்த கட்டண விமானங்கள் பல டான் முவாங்கிற்கு மாறின.

பயணச்சீட்டில் பாங்காக் என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பி.கே.கே. என்றால் சுவர்ணபூமி. டி.எம்.கே. என்றால் டான் முவாங். (இதைக் கண்டு சிரிக்காத தமிழர் இரார். ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடாது.)

மறந்தால் என்ன ஆகும்? கொல்கத்தாவிலிருந்து சுவர்ணபூமியில் வந்து இறங்குகிறோம். அங்கிருந்து புக்கெட் அல்லது சியாங் மாய் செல்லத் தனியாக ஒரு மலிவுச் சீட்டு வாங்கியிருக்கிறோம். அது டான் முவாங்கிலிருந்து புறப்படுவது. இரண்டும் தனித்தனிச் சீட்டுகள் ஆதலால் நம் பெட்டி தானாக அங்கே போய்ச் சேராது. குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் சென்று, மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். தொடர் விமானச் சீட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்ளும் இலவசப் பேருந்து இரு நிலையங்களுக்கும் இடையே ஓடுகிறது. ஆனால் அதுவும் செல்வது சாலையில்தான். காலை, மாலை நெரிசலில் ஒன்றரை மணிக்கு மேலும் ஆகலாம். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் இரண்டு விமானங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும். விமானத்தைத் தவறவிட்டால், அது தனிச் சீட்டு என்பதால், பொறுப்பேற்பார் எவருமில்லை.

3. இறங்குமுன்னும் இறங்கியதும்

2025 மே 1 முதல், தாய்லாந்து செல்லும் அயல்நாட்டார் அனைவரும் வருகைப் படிவத்தைக் கணினி வழியே முன்கூட்டி நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். குடிவரவுத் துறையின் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டால் அது வேறு யாருடைய தளமோ என்று அறிக. விசா விதிகள் சில ஆண்டுகளாக அடிக்கடி மாறிவருவதால், சீட்டு வாங்குமுன் தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நலம்.

கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னோக்கித் திருப்பி வையுங்கள். கொல்கத்தா விமானங்களிற் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்பி விடியுமுன்னரே இறங்கிவிடும். நகர ரயில் ஐந்தரை மணியளவில்தான் தொடங்கும். விடியுமுன் சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே அந்நேரம் டாக்ஸி எடுப்பதில் தவறில்லை. மணி ஏழைத் தாண்டிவிட்டால் ரயிலே உகந்தது.

சுவர்ணபூமியில் தளங்களை நினைவில் வைத்தல் எளிது. வந்திறங்குவது இரண்டாம் தளம். புறப்பாடு நான்காம் தளம். டாக்ஸி முதல் தளம். ரயில் நிலையம் அடித்தளம். அந்த ரயில் நிலைய வாசலருகே உள்ள நாணய மாற்றுக் கடைகளில், மேலே வருகைக் கூடத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலாகப் பாத் கிடைப்பது வழக்கம். மேலே சிறிதளவு மட்டும் மாற்றிக்கொண்டு, மிகுதியைக் கீழே மாற்றலாம்.

டாக்ஸி வேண்டுமானால் முதல் தளத்து வாசலில் உள்ள இயந்திரத்தில் சீட்டெடுக்க வேண்டும். அதில் உள்ள எண்ணுக்குரிய இடத்தில் வண்டி நிற்கும். மீட்டர் கட்டணத்தோடு, விமான நிலையத்துக்கான கூடுதல் கட்டணமும் உயர்நெடுஞ்சாலைச் சுங்கமும் பயணி தர வேண்டியவை. இவை முறையான கட்டணங்களே. ஓட்டுநர் ஏமாற்றுவதாக எண்ணிச் சண்டையிட வேண்டாம். மீட்டர் போட மறுத்து மொத்தத் தொகை பேசினால் மட்டும் பணிவாக மறுத்து இறங்கிவிடலாம். வருகைக் கூடத்துக்குள்ளேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று அணுகி வருவோரைத் தவிர்க்க.

4. ரயில்கள்

1990-களில் பாங்காக்கின் நெரிசல் உலகப் பேச்சாக இருந்தது. 1990-இல் ஒப்பந்தமான உயர்மட்ட ரயில் திட்டம் ஒன்று 1998-இல் கைவிடப்பட்டு, டான் முவாங் செல்லும் வழியெங்கும் வெறுந்தூண்களாக நின்றது. அக்காலத்தில் அங்கு சென்றவர்களுக்கு அக்காட்சி நினைவிருக்கும். பிறகு 1999 டிசம்பர் 5 அன்று வானூர்தி ரயில் எனத்தக்க பி.டி.எஸ். தொடங்கியது. தரையடி ரயிலாகிய எம்.ஆர்.டி. 2004-இல் வந்தது. சுவர்ணபூமியை நகரோடு இணைக்கும் ரயில் 2010 ஆகஸ்டில் வந்தது. வெறுந்தூண்கள் நின்ற அதே தடத்தில், டான் முவாங் வழியாகச் செல்லும் சிவப்புத் தட ரயில் 2021-இல் ஓடத் தொடங்கியது.

சுவர்ணபூமி ரயில் எட்டு நிலையங்களில் நின்று, அரை மணிக்குள் பயா தாய் சென்று சேர்கிறது. அங்கே பி.டி.எஸ்.ஸுக்கு மாறலாம். அதற்கு முன்பே மக்கசானில் இறங்கினால், இணைப்புப் பாலத்தில் நடந்து பெட்சபுரி என்னும் எம்.ஆர்.டி. நிலையத்தை அடையலாம். டான் முவாங்கிலிருந்து வருவோர் சிவப்புத் தடத்தில் குரூங் தேப் அபிவத் பெருநிலையம் வந்து, அங்கே பாங் சூ நிலையத்தில் எம்.ஆர்.டி. பிடிக்கலாம்.

நகர ரயில்கள் ஒரே நிறுவனத்தினுடையவை அல்ல. பி.டி.எஸ். நிலையத்தில் வாங்கிய ஒருமுறைச் சீட்டு எம்.ஆர்.டி.யில் செல்லாது. மாறும் இடத்தில் வெளியே வந்து புதுச் சீட்டு எடுக்க வேண்டும். நிலையத்தின் பெயரும் மாறும். பி.டி.எஸ்.ஸில் அசோக் என்றால் அதே இடத்து எம்.ஆர்.டி. நிலையம் சுகும்வித். சாலா தேங் என்றால் சீலோம். இந்த இரு இணைகளைத் தெரிந்துகொண்டால் புதியவரின் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பி.டி.எஸ்.ஸின் இரு தடங்களும் சந்திப்பது சியாம் நிலையத்தில்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும். அனைவரும் நின்ற இடத்தில் அசையாது நிற்பர். நாமும் நிற்க வேண்டும்.

5. படகுகள்

ஹவுராவுக்கும் பாபுகாட்டுக்கும் இடையே லஞ்சில் சென்று பழகிய நமக்குச் சாவ் ப்ரயா ஆற்றுப் படகு புதுமையன்று. சபான் தக்சின் என்னும் பி.டி.எஸ். நிலையத்தின் அடியிலேயே சாதோன் படகுத்துறை உள்ளது. அரண்மனை, வாட் போ, வாட் அருண் முதலிய பழைய இடங்கள் யாவும் ஆற்றோரம் இருப்பவை. 

படகில் பறக்கும் கொடியின் நிறத்தைப் பார்த்து ஏற வேண்டும். ஆரஞ்சுக் கொடி ஊர்மக்கள் செல்லும் சாதாரணப் படகு. கட்டணம் மிகக் குறைவு. நீலக் கொடி சுற்றுலாப் படகு. அதற்குப் பல மடங்கு கட்டணம். துறையில் உள்ள பணியாளர் பெரும்பாலும் அயலாரை நீலக் கொடிக்கே வழிகாட்டுவார். ஆரஞ்சு என்று சொல்லிக் காத்திருந்தால் போதும். படகு துறையில் சில விநாடிகளே நிற்கும். முதியவர்களை முன்னால் விட்டுக் கைபிடித்து ஏற்ற வேண்டும்.

நகரின் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் சேன் சேப் கால்வாய் 1837 முதல் 1840 வரை வெட்டப்பட்டது. அதில் 1990 முதல் விரைவுப் படகுகள் ஓடுகின்றன. நெரிசல் வேளையில் டாக்ஸியை வெகு எளிதில் முந்திவிடும். ஆனால் நீர் தூய்மையற்றது. தெறிக்காமலிருக்கப் பயணிகளே பக்கவாட்டுத் திரையைக் கயிற்றால் இழுத்து உயர்த்துவர். இளைஞர்களுக்கு ஏற்றது. முழங்கால் வலி உள்ளோருக்கு வேண்டாம்.

6. சோய் எண்ணும் முகவரியும்

சுகும்வித் சாலையில் வடபுறச் சோய்களுக்கு ஒற்றைப்படை எண்கள், தென்புறத்தில் இரட்டைப்படை. இருபுறமும் எண்கள் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. 55-ஆம் சோய்க்கு எதிரில் இருப்பது 38-ஆம் சோய். ஆகவே 38-இல் அறை எடுத்தவர் 37-ஐத் தேடி நடந்தால் வெகுதூரம் போய்விடுவார். முகவரியைக் கேட்கும்போது, அருகில் உள்ள ரயில் நிலையம் எது, எந்த வாசல் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சோயின் முனையில் ஆரஞ்சு நிற மேலாடை அணிந்த மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் நிற்பர். நீண்ட சந்துக்குள் செல்வோருக்கு அவர்களே துணை. ஏறுபவர் தலைக்கவசம் கேட்டு அணிய வேண்டும். துக்-துக் என்பது நம் ஆட்டோவின் உறவினர், மீட்டர் கிடையாது, ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். அரண்மனை வாசலருகே, "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்று அடிமாட்டு விலைக்கு அழைப்பவர் இரத்தினக் கடைக்குத்தான் கொண்டுபோவார். அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை வாசலில் உள்ள காவலரிடம் மட்டும் கேளுங்கள்.

7. பெயர்களைப் படித்தல்

தாய் மொழி சீனத்தைப் போல ஒலி ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி. ஆனால் அதன் ஊர்ப்பெயர்களிற் பல வடமொழியிலிருந்தும் பாலியிலிருந்தும் வந்தவை. எழுத்தில் முழுதாக எழுதி, ஒலிப்பில் கடைசி எழுத்துகளை விட்டுவிடுவர். சுவர்ணபூமியைச் "சுவன்னபூம்" என்பர். ராட்சதேவி என்னும் நிலையம் ராஜதேவி. பெட்சபுரியில் பெட்ச என்பது வஜ்ரம். சய் சமரபூம் என்பது ஜய சமரபூமி. ஆங்கிலத்தில் வெற்றிச் சின்னம் எனப்படும் நிலையம். இவ்வாறு பிரித்துப் பார்த்தால் பெயர்கள் நினைவில் தங்கும்.

சில சொற்கள்: கிளோங் என்றால் கால்வாய். தா என்றால் படகுத்துறை. சபான் என்றால் பாலம். வாட் என்றால் கோயில். தனோன் என்றால் சாலை. தாவ் ராய் என்றால் எவ்வளவு. சைவ உணவுக்கு மாங்சவிரத் என்பர். மாம்ச விரதி என்பதன் திரிபு. இச்சொல்லைச் சொன்னாலும் முட்டையும் மீன் சாறும் சேரக்கூடும். அவையும் வேண்டாமெனில் "ஜே" என்று கேட்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துக் கொடி தொங்கும் கடைகள் அதற்கு உரியவை.

நம் உச்சரிப்பு ஓட்டுநருக்குப் புரியாமற் போகலாம். விடுதியின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் அச்சிட்ட அட்டையைப் பெட்டியில் வைக்காமல் சட்டைப்பையில் வையுங்கள். உடன் வரும் பெரியவர் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அவர்களைத் திரும்பக் கொண்டுசேர்ப்பது அந்த அட்டைதான்.

8. ஒரு நாள் பயிற்சி

அசோக் நிலையத்தருகே தங்கியிருக்கிறோம் என்று கொள்வோம். காலையில் சுகும்வித் நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறினால் மாறாமலே சனாம் சய் நிலையத்தில் இறங்கலாம். வாட் போ அங்கிருந்து நடை தூரம். அரண்மனை சற்று அப்பால். எட்டரை மணிக்குத் திறக்கும். பிற்பகல் மூன்றரைக்குச் சீட்டு நிறுத்துவர். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பிறகு தா தியேன் துறையில் அக்கரைப் படகேறி, அருணன் பெயர் கொண்ட வாட் அருணைப் பார்க்கலாம்.

திரும்பி வந்து, ஆரஞ்சுக் கொடிப் படகில் சாதோன் துறை. மேலே ஏறினால் சபான் தக்சின். அடுத்த நிலையம் சுரசக். அங்கே இறங்கி, பான் சாலை வழியே பத்து நிமிடம் நடந்தால், சீலோம் சாலை முனையில் கோபுரம் தெரியும். தமிழர் அங்கே குடியேறி 1879-இல் எழுப்பிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் அது. ஊர்மக்கள் அதனை வாட் கேக் என்பர். தாய், சீன மக்கள் மாலையும் தேங்காயும் ஏந்தி வரிசையில் நிற்பதைக் காணலாம். நவராத்திரி நிறைவில் சீலோம் சாலையையே அடைத்து ஊர்வலம் நடக்கும். அன்று மட்டும் அப்பக்கம் டாக்ஸி என்ற பேச்சே வேண்டாம்.

இன்னும் ஒரு நாள் கிடைத்தால் சாம் யோட் நிலையத்தில் இறங்கி, பெரிய ஊஞ்சல் எனப்படும் உயர்ந்த செந்நிறத் தூண்களுக்கு அருகே, 1784-இல் அமைந்த தேவஸ்தானத்தைப் பாருங்கள். அரசவை அந்தணர்கள் மார்கழி ஒட்டிய நாட்களில் அங்கே நடத்தும் சடங்கின் பெயர் திரியம்பாவாய். நம் திருவெம்பாவையின் பெயரே அவ்வாறு திரிந்து வழங்குகிறது என்பது அறிஞர் கருத்து.

கோயிலிலிருந்து அறைக்குத் திரும்பும்போது மாலை ஐந்தரை ஆகியிருக்கும். சீலோம் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும். கால் வலிக்கிறதே என்று டாக்ஸிக்குக் கை நீட்டத் தோன்றும். நீட்டாதீர்கள். மெல்ல நடந்து சோங் நோன்சி நிலையம் சென்று ஒரே நிறுத்தத்தில் சாலா தேங். கீழே இறங்கினால் எம்.ஆர்.டி.யின் சீலோம், அங்கிருந்து சுகும்வித். டாக்ஸி முதல் சிக்னலைத் தாண்டுமுன் நீங்கள் அறையில் காபி குடித்துக்கொண்டிருக்கலாம்.